சின்னப் பலகைகளில் கிளவுட்: எதற்கு, எதுவரை

ராஸ்பெர்ரி பை மாதிரியான உள்ளங்கை அளவுக் கணினிகள் நாலைந்தை வாங்கி, ஒரு ஸ்விட்சில் இணைத்து, பெரிய டேட்டா சென்டர்களில் ஓடும் கிளவுட் மென்பொருளையே அவற்றில் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இதைக் கேள்விப்படுகிறவர்களில் ஒரு சாரார், "அப்படியானால் சர்வருக்கு ஏன் லட்சக்கணக்கில் கொட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார், பொழுதுபோகாதவர்கள் செய்கிற வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் தரப்பு இந்தப் பலகைகளிடம் இல்லாத வேகத்தை எதிர்பார்க்கிறது. இரண்டாம் தரப்போ அவற்றால் உண்மையில் என்ன பயன் என்று பார்க்கவே இல்லை. வேகத்தையும் பயனையும் பிரித்துச் சொல்லிவிட்டால் யாருக்கு இது தேவை, யாருக்குத் தேவையில்லை என்பது தெளிவாகிவிடும்.

கிளவுட் என்றதும் அது ஏதோ தனி ரகக் கணினி என்று தோன்றும். அப்படி இல்லை. 1994இல் நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும், கடையில் கிடைக்கும் 486 ரக சிப் கொண்ட 16 கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து, லினக்ஸ் போட்டு, 'பேவுல்ஃப்' என்ற கிளஸ்டரை உருவாக்கினார்கள். விலையுயர்ந்த ஒற்றை இயந்திரத்துக்குப் பதில் சாதாரணக் கணினிகள் பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்ற வழி அதற்குப் பிறகு பரவலானது. இன்றைய டேட்டா சென்டரும் அடிப்படையில் இதே வழியில் கட்டப்பட்டதுதான்.

எண்ணிக்கை கூடும்போது புதுச் சிக்கல் ஒன்று வருகிறது. ஒரு சர்வர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு அது அபூர்வமான சங்கடம். ஆயிரம் சர்வர் வைத்திருப்பவருக்கோ ஏறக்குறைய தினமும் ஒன்று பழுதாகும். ஆளை அனுப்பிச் சரிசெய்து மாளாது. ஏதோ ஒரு மூலையில் எப்போதும் ஏதாவது கெட்டுக்கொண்டிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்றபடி மென்பொருளை எழுத வேண்டியதுதான். பரவல் மென்பொருள் என்று சொல்வது இதைத்தான்.

2014இல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டீஸ் இந்த வகையில் இன்று அதிகம் புழங்குவது. "இந்தச் செயலிக்கு மூன்று பிரதிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று அதனிடம் சொல்லிவைக்கிறோம். அது ஓயாமல் எண்ணிப் பார்க்கிறது. இரண்டுதான் ஓடுகிறது என்றால் இடமுள்ள இயந்திரத்தில் இன்னொன்றைத் தொடங்குகிறது. எந்த இயந்திரம் என்பது அதற்கு முக்கியமில்லை. லினக்ஸ் வேண்டும், நெட்வொர்க் வேண்டும், போதிய நினைவகம் வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் பல ஆண்டுகள் தடையாக இருந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் இருந்தது 256 எம்பி நினைவகம். குபெர்னெட்டீஸை வழக்கமான முறையில் நிறுவ ஒவ்வொரு இயந்திரத்திலும் 2 ஜிபியாவது கேட்பார்கள். 2019இல் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. அந்த ஆண்டு வந்த ராஸ்பெர்ரி பை 4இல் 4 ஜிபி வரை நினைவகமும், முழு வேகத்தில் இயங்கும் கிகாபிட் ஈதர்நெட்டும் இருந்தன. மறு ஆண்டே 8 ஜிபி மாதிரி வந்தது. அதே 2019இல் ராஞ்சர் லேப்ஸ் நிறுவனம் கே3எஸ் என்ற மெலிந்த குபெர்னெட்டீஸை வெளியிட்டது. 100 எம்பிக்கும் குறைவான ஒரே கோப்பு. அதை இறக்கி ஓட்டினால் கிளஸ்டர் தயார். அதற்குப் பிறகு 'பையில் கிளவுட்' என்பது வித்தை காட்டுவதாக இல்லாமல், ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலையாகிவிட்டது.

சரி, வேகம் கிடைக்குமா? 2012இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சைமன் காக்ஸ் குழுவினர் 64 ராஸ்பெர்ரி பைகளை லெகோ கட்டைகளால் கட்டிய அடுக்கில் பொருத்தி 'இரிடிஸ்-பை' என்ற கிளஸ்டரைச் செய்தார்கள். லின்பேக் என்ற வேகச் சோதனையில் ஒரு பலகை நொடிக்குச் சுமார் ஆறரைக் கோடி கணக்குகள் போட்டது. அப்படியானால் 64 பலகைகள் 400 கோடிக்கு மேல் போட வேண்டும். சேர்ந்து போட்டதோ நொடிக்குச் சுமார் 114 கோடி. மீதித் திறன் எங்கே போனது? ஒரு பலகை தன் பங்கை முடித்துவிட்டு, அடுத்த பலகையிலிருந்து விடை வரும்வரை கைகட்டி நின்ற நேரத்தில் போனது. நெட்வொர்க் மெதுவாக இருந்தால் எத்தனை பலகை சேர்த்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. அந்தக் காலத்து மடிக்கணினி ஒன்றே அந்த 64 பலகைகளையும் தாண்டிவிடும். ஆகவே வேகத்துக்காக இதை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல கணினி வாங்கிவிடலாம்.

ஆனால் சவுத்தாம்ப்டன் குழுவும் அதை வேகத்துக்காகக் கட்டவில்லை, கற்பிக்கக் கட்டியது. மறு ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இந்த நோக்கத்தை இன்னும் துல்லியமாக்கியது. 56 பைகளை அடுக்குக்கு 14 என்று நான்கு லெகோ அடுக்குகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் கண்டெய்னர்கள் (செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதிகள்) ஓட்டி, டேட்டா சென்டரின் சிறு வடிவ மாதிரி என்றே அதற்குப் பெயர் சொன்னது. 56 சர்வர்களை ஒவ்வொன்றும் 2,000 டாலருக்கு வாங்கினால் 1,12,000 டாலர் ஆகும், 10,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும், குளிரூட்டவும் வேண்டும். 56 பைகளுக்கு 1,960 டாலரும் 196 வாட்டும் போதும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று அவர்கள் சொல்லவில்லை. அடுக்குகளுக்கிடையே தரவு எப்படி ஓடுகிறது, கண்டெய்னரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினால் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க உண்மையான அடுக்குகள் வேண்டும். அதைச் சிறிய அளவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இந்த வாதத்தை ஒரு தேசிய ஆய்வுக்கூடமே ஏற்றுக்கொண்டது. 2017இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம், ஆஸ்திரேலியாவின் பிட்ஸ்கோப் நிறுவனம் செய்த அடுக்குகளில் 750 ராஸ்பெர்ரி பைகளைக் கொண்டு ஒரு சோதனைக் கிளஸ்டர் அமைத்தது. அங்கே பல்லாயிரம் நோடுகள், அதாவது தனித்தனி இயந்திரங்கள், கொண்ட சூப்பர் கம்ப்யூட்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை ஆய்வுப் பணிகளில் மூழ்கியிருக்கும். ஆயிரக்கணக்கான இயந்திரங்களை ஒரே நேரத்தில் தொடங்குவது, கண்காணிப்பது, விழுந்தவற்றைக் கண்டுபிடிப்பது போன்றவற்றுக்கான மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு, "இதை நிறுத்தி நிறுத்திச் சோதித்துப் பார்த்துக்கொள்" என்று அந்த இயந்திரத்தை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. அதே அளவில் தனியாக ஒரு சோதனைக் கூடம் என்றால் 25 கோடி டாலரும் 25 மெகாவாட்டும் ஆகும் என்றது அந்த ஆய்வுக்கூடம். அவர்களுக்குத் தேவைப்பட்டது நோடுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு நோடின் திறன் அல்ல.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. தனித்தனியாகக் கெட்டுப்போகக்கூடிய இயந்திரங்கள் பல வேண்டும் என்பவருக்கு, அவற்றைக் கட்டுப்படியாகும் விலையில் தருபவை இந்தப் பலகைகள். பரவல் மென்பொருள் எழுதப்பட்டதே அப்படிக் கெடுகிற இயந்திரங்களைச் சமாளிக்கத்தான். அந்தச் சமாளிப்பு எப்படி நடக்கிறது என்பதை மூன்று பலகைகளில் பார்த்துவிட முடியும்.

மூன்று பலகைகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். எந்தக் கண்டெய்னர் எங்கே ஓடுகிறது என்ற பதிவேட்டை மூன்றும் ஆளுக்கு ஒரு பிரதியாக வைத்திருக்கின்றன. மூன்று பிரதியும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும். குபெர்னெட்டீஸில் இந்தப் பதிவேட்டின் பெயர் இடிசிடி. அது பின்பற்றுவது ராஃப்ட் என்ற வழிமுறை. ஸ்டான்ஃபோர்டின் டியகோ ஓங்காரோவும் ஜான் ஊஸ்டர்ஹௌட்டும் 2014இல் வெளியிட்டது. மாணவர்களுக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்பதையே ஒரு நோக்கமாக வைத்து அவர்கள் அதை வடிவமைத்தார்கள்.

மூன்றில் ஒன்று லீடர். அது அ என்று கொள்வோம். எழுதச் சொல்லி வருவதெல்லாம் அவிடம் போகும். அ அதை மற்ற இரண்டுக்கும் அனுப்பும். மூன்றில் இரண்டு பேர் டிஸ்கில் எழுதிவிட்டால் அந்தப் பதிவு உறுதி. கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழுவில் கோரம் இல்லையென்றால் தீர்மானம் செல்லாது என்பார்களே, அதே விதிதான். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று லீடர் நொடிக்குப் பத்து முறை மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நொடி போலச் செய்தி வராவிட்டால், லீடர் போய்விட்டது என்று முடிவுகட்டி மற்றவர்கள் தேர்தல் நடத்துவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு.

இப்போது அவின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஓரிரு நொடியில் ஆ, இ இரண்டும் வாக்களித்து, அவற்றில் ஒன்று, ஆ என்று கொள்வோம், லீடராகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவுக்கு மின்சாரம் இருக்கிறது, அது இன்னும் ஓடுகிறது, தானே லீடர் என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டும் இருக்கும். ஆனால் அதனிடம் எதை எழுதச் சொன்னாலும் இரண்டாவது கையெழுத்து கிடைக்காது, எழுதியது உறுதியாகாது. கேபிளைத் திரும்பச் செருகினால், பெரிய வரிசை எண்ணைப் பார்த்ததும் அ தானாகவே ஒதுங்கி, உறுதியாகாமல் கிடந்த தன் பதிவுகளை விட்டுவிட்டு, ஆவின் பிரதியை ஏற்றுக்கொள்ளும்.

அடுத்து இரண்டு கேபிள்களைப் பிடுங்கிப் பாருங்கள். மிஞ்சிய பலகையில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் எதையும் எழுத மறுக்கும். கிளஸ்டர் கெட்டுவிட்டது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பது இந்த இடத்தில்தான். கெடவில்லை, சரியாகத்தான் நடந்துகொள்கிறது. மற்ற இரண்டும் செத்துவிட்டனவா, அல்லது அந்தப் பக்கம் கூடி வேறு முடிவு எடுத்துக்கொண்டிருக்கின்றனவா என்று இந்த ஒற்றைப் பலகைக்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது எழுதினால் இரண்டு முரணான பதிவேடுகள் உருவாகிவிடும். நெட்வொர்க் துண்டானால், எல்லோருக்கும் பதில் சொல்வது, எப்போதும் ஒரே உண்மையைச் சொல்வது இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று எரிக் புரூவர் 2000இல் சொன்னதன் நேரடிக் காட்சி இது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னர்கள் அப்போதும் ஓடும். புது முடிவுகள் மட்டும்தான் நிற்கும். இதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

நான்காவது பலகை வாங்கினால் இன்னும் பலம் என்று தோன்றும். நான்கில் பெரும்பான்மை மூன்று. எனவே ஒன்று விழுந்தால் தாங்கும், இரண்டு விழுந்தால் தாங்காது. மூன்று பலகைக்கும் அதே நிலைதான். ஐந்தாக்கினால்தான் இரண்டு விழுந்தாலும் தாங்கும். பதிவேட்டுக்கு எப்போதும் ஒற்றைப்படை எண்ணில் இயந்திரம் வைக்கச் சொல்வதன் காரணம் இவ்வளவே.

பதிவேடு இல்லாத, வேலை மட்டும் செய்யும் பலகை ஒன்றின் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தால் வேறு பாடம் கிடைக்கும். அதில் ஓடிய செயலி உடனே வேறு பலகையில் எழுந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். எழாது. வழக்கமான அமைப்பில் அந்த நோடு காணோம் என்று அறிவிக்கவே முக்கால் நிமிடம் போல ஆகும். அதற்கு மேல் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் செயலியை வேறிடத்துக்கு மாற்றும். இந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து எதிரே இருப்பது இறந்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. அவசரப்பட்டு மாற்றினால், நெட்வொர்க் சற்றுத் திணறும் ஒவ்வொரு முறையும் கிளஸ்டர் முழுக்க இடம் மாறிக்கொண்டிருக்கும். எண்ணைக் குறைக்கலாம், அதன் விலை என்ன என்று அறிந்து குறைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே மடிக்கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் வைத்துப் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் முடியும். தொடங்குபவர் அங்கேயே தொடங்குவதுதான் சிக்கனம். ஆனால் அந்த மூன்றுக்கும் டிஸ்க் ஒன்று, கடிகாரம் ஒன்று, மின்சாரம் ஒன்று. அதனால் அங்கே நாம் கொன்றால்தான் ஒன்று சாகும். பலகைகளில் அரைகுறைச் சாவு உண்டு. மட்டமான பவர் சப்ளையால் மின்னழுத்தம் குறைந்தால், அல்லது நம் ஊர் வெயிலில் சிப்பின் சூடு 80 டிகிரியைத் தொட்டால், ராஸ்பெர்ரி பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விழாது, இழுத்துக்கொண்டு கிடக்கும். லீடராக இருக்கும் பலகை இப்படி இழுத்தால் கிளஸ்டர் மொத்தமும் அதன் பின்னால் இழுக்கும். பெரிய டேட்டா சென்டர்களில் கண்டுபிடிக்கவே கஷ்டமான கோளாறு இந்த வகைதான்.

கடிகாரமும் அப்படியே. ராஸ்பெர்ரி பை 5க்கு முந்தைய மாதிரிகளில் மின்சாரம் போனாலும் நேரம் காக்கும் கடிகாரம் கிடையாது. மின்வெட்டுக்குப் பிறகு எழும்போது பழைய நேரத்தோடு எழும். நெட்வொர்க்கில் சரியான நேரத்தை வாங்கும்வரை, மற்ற நோடுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இணைய மறுக்கலாம். எரிச்சலான விஷயம். ஆனால் இரண்டு இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். கூகுள் தன் ஸ்பேனர் தரவுத்தளத்துக்காக டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ் கருவிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்ததற்குக் காரணம் இதே பிரச்சினைதான்.

எல்லாத் தொல்லையும் பாடமாகிவிடாது. சில வெறும் தொல்லை. இடிசிடி ஒவ்வொரு பதிவையும் டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டே போகும். எஸ்டி கார்டு அந்த எழுத்துச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. எழுதத் திணறும், லீடர் செய்தி தாமதமாகும், காரணமில்லாமல் தேர்தல் நடக்கும், கடைசியில் கார்டே போய்விடும். எழுதும் வேகம் ஒருமித்து முடிவெடுப்பதைப் பாதிக்கிறது என்பதை ஒருமுறை பார்த்தால் போதும். பிறகு பதிவேட்டுப் பலகைகளுக்கு யுஎஸ்பியில் எஸ்எஸ்டி மாட்டிவிட வேண்டும். இன்டெல் ரக சிப்புக்குக் கட்டிய கண்டெய்னர், ஏஆர்எம் ரக சிப் கொண்ட இந்தப் பலகைகளில் ஓடாமல் பிழை காட்டுவதும் அந்த வகைத் தொல்லைதான். அமேசான் 2018இல் கிராவிட்டான் என்ற தன் ஏஆர்எம் சிப்பை கிளவுடில் கொண்டுவந்த பிறகு, இரண்டு ரகத்துக்கும் சேர்த்தே கட்டி வெளியிடும் பழக்கம் பரவி, இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மாதிரி எங்கே பொய் சொல்லும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பயனர்களைத் தாங்கும், பதில் எத்தனை மில்லி நொடியில் வரும் என்பன போன்ற எண்களைப் பலகையில் அளந்து பெரிய சர்வருக்குப் பெருக்கிச் சொல்ல முடியாது. சிப், நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் ஆகியவற்றின் விகிதமே இரண்டிலும் வேறு. ஒரே ஸ்விட்சில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிய ஐந்து பலகைகள் ஐந்து தனி இயந்திரங்களும் அல்ல. அந்த ஸ்விட்ச் போனால் ஐந்தும் போயிற்று. கிளவுட் நிறுவனங்கள் மின்சாரமும் நெட்வொர்க்கும் தனித்தனியான கட்டடங்களில் பிரதிகளைப் பரப்பி வைப்பது அதனால்தான். வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ எந்நேரமும் ஓடியாக வேண்டிய சேவைக்கு, பழைய அலுவலக மினி பிசி ஒன்றும் ஒழுங்கான பேக்கப்பும் பலகைக் கிளஸ்டரைவிட நம்பகமானவை. பவர் சப்ளை, கார்டு, எஸ்எஸ்டி, ஸ்விட்ச், விசிறி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பலகை அவ்வளவு மலிவும் இல்லை.

கற்பிக்கும் இடங்களின் கணக்கு வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியல் மாணவர்களுக்குப் பரவல் கணிப்பு ஒரு பாடம்; இயந்திரங்கள் ஒருமித்து முடிவெடுப்பதும் பழுதிலிருந்து மீள்வதும் அதில் ஓர் அலகு. அம்புக்குறிப் படங்களை மனப்பாடம் செய்து எழுதி இதில் தேறிவிடலாம். வாடகைக் கிளவுடில் பயிற்சி கொடுத்தாலும், பழுதுகளை மறைப்பதற்குத்தான் அந்த நிறுவனங்கள் காசு வாங்குகின்றன. மாணவர் பார்க்க வேண்டியது அங்கே கண்ணில் படாது. ஒரு துறைக்கு மூன்று அல்லது ஐந்து பலகைகள் கொண்ட ஒரு கிளஸ்டர் போதும். பயிற்சியையும் எளிதாக அமைக்கலாம்: எந்தக் கேபிளைப் பிடுங்கப்போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, எந்தப் பலகை லீடராகும், எத்தனை நொடியில், எது நிற்கும், எது ஓடும் என்று மாணவரை எழுதச் சொல்ல வேண்டும். பிறகு பிடுங்கி, நடந்ததைக் குறிக்கச் சொல்ல வேண்டும். எழுதியதும் நடந்ததும் எங்கே வேறுபட்டன, ஏன் என்ற விளக்கத்துக்குத்தான் மதிப்பெண் தர வேண்டும்.